ரெமி மாத்தேயின் இருபத்தொன்பதாம் தேதி

எங்கள் கடிகாரச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ரெமி மாத்தேயைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மூத்த உறுப்பினர், நல்ல மனிதர், பொறுமைசாலி என்று நாலு வரி எழுதி ஒரு போட்டோவை ஒட்டினால் போதுமாம். மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் 'பொறுமைசாலி' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவர் எதைப் பொறுத்துக்கொண்டார் என்று சொல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். மலரில் போட்டாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி.

நான் எத்தியேன் துகொமுன். ஜெனீவாவுக்கு வடக்கே மலைமேல் இருக்கும் கடிகார ஊரான லெ லோக்லில் முப்பது வருஷமாகப் பல் டாக்டர். ரெமி தபால் பஸ் ஓட்டியவர். லெ லோக்லிலிருந்து மலை ஏறி இறங்கி லா பிரெவீன் வரை போகும் மஞ்சள் பஸ். முப்பத்தாறு வருஷம் அதே தடம். மைனஸ் முப்பது டிகிரியில் மற்ற வண்டிகள் எல்லாம் முனகிக்கொண்டு நிற்கும்போதும் ரெமியின் பஸ் ஆறு இருபதுக்குக் கிளம்பிவிடும். ஆறு மணிக்கு அவர் தன் வாட்ச்சுக்குச் சாவி கொடுத்திருப்பார், அதற்கப்புறம்தான் காப்பி.

அந்த வாட்ச்சை அவர் வாங்கியது 1981இல். பேட்டரி வாட்ச் வந்து எங்கள் ஊர்த் தொழிற்சாலைகள் வரிசையாகக் கதவடைத்துக்கொண்டிருந்த நேரம். சாவி கொடுக்கும் வாட்ச் கட்டியவனைப் பார்த்து ஊரே சிரித்தது. மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் மேலாளர் இறந்து, அவர் மனைவி வீட்டைக் காலி செய்தபோது, மேசை விளக்கு, தொப்பிப் பெட்டி இவற்றோடு அதுவும் விலைக்குக் கிடந்தது. புதுச் சமையலறைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார் ரெமி. அவர் மனைவி லிலியான் கோபித்துக்கொள்ளவே இல்லையாம். "பழைய அடுப்பு நல்லாத்தானே எரியுது, விடுங்க" என்றாளாம்.

அது சாதாரண வாட்ச் இல்லை. தேதி, கிழமை, மாதம், நிலவின் வடிவம் எல்லாம் காட்டும். எந்த மாதத்துக்கு முப்பது, எந்த மாதத்துக்கு முப்பத்தொன்று, பிப்ரவரிக்கு இந்த வருஷம் இருபத்தெட்டா இருபத்தொன்பதா என்று அதற்கே தெரியும். நாலு வருஷக் கணக்கை, நாற்பத்தெட்டு மாதங்களையும், உள்ளே ஒரு சின்னச் சக்கரத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நிற்கவிடாமல் சாவி கொடுத்து வந்தால் போதும், தேதியை நாம் தொடவே வேண்டாம். அந்த மாதிரியில் மொத்தம் பதினான்குதான் செய்தார்கள். நான் இரண்டு சிகிச்சை அறைகளும் ஒரு ஏரிக்கரை வீடும் வைத்திருக்கிற மனுஷன், என்னிடம் பதினோரு காலண்டர் வாட்ச் இருக்கிறது. பதினொன்றையும் சேர்த்து வைத்தாலும் பஸ்காரரின் அந்த ஒன்றுக்கு உறை போடக் காணாது. எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொறாமைதான். வேறென்ன?

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. லீப் வருஷம் பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி இரவு, ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் கூடுவோம். உருக்கிய பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வெள்ளை ஒயினும் முடிந்ததும் மேசையைத் துடைத்துப் பச்சைத் துணி விரித்து, அவரவர் வாட்ச்சை வரிசையாக வைப்போம். நடுச்சாமத்தில் எல்லாம் இருபத்தெட்டிலிருந்து மார்ச்சுக்குத் தாவாமல் இருபத்தொன்பதில் வந்து நிற்கும். கைதட்டுவோம். அவ்வளவுதான் விசேஷம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை அந்த ஒரு நொடியில்தான் இந்த வாட்ச்சுகள் தாங்கள் யார் என்று காட்டும். என் மனைவி இதைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் ஆண்டு விழா என்பாள்.

லிலியான் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவளுக்கு ரொட்டிக் கடையில் வேலை, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். எண்பத்து நான்கிலிருந்து இரண்டாயிரத்து எட்டு வரை ஏழு லீப் இரவுகளும் அவள் ஒன்பது மணிக்கே தூங்கிப்போனாள். காலையில் ரெமி, "மாறிடுச்சு" என்பார். "ரொம்ப சந்தோஷம்" என்பாள். அவள் தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் பழைய சமையலறையைப் பார்த்து, "அக்கா, உங்க வீட்டுக்காரர் கையில கட்டியிருக்கிறது உன் அலமாரிதானே?" என்று குத்திக் காட்டுவாளாம். 2011இல் லிலியான் வேலையை விட்டாள். வரும் பிப்ரவரிக்கு அவளைக் கூட்டி வருவதாக ரெமி எங்களிடம் அப்போதே சொல்லிவிட்டார். "முப்பது வருஷமா என் பேச்ச நம்பியே இருந்துட்டா. ஒரு தடவ கண்ணால பார்க்கட்டும்" என்றார்.

அந்த டிசம்பரில் ரெமிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. லிலியானுக்கு வாட்ச்சைத் தொடவே பயம், சாவி கொடுக்க ஆள் இல்லை. டிசம்பர் பதினொன்றாம் தேதி அது நின்றுபோனது. ஜனவரிக் கூட்டத்துக்கு ரெமி அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். முகம் பாதியாக இளைத்திருந்தது.

"டாக்டரே, என் கை இன்னும் ஆடுது. ஊசி வழுக்கி ஓரத்துல கீறிடுச்சுன்னா எனக்குத் தைச்சது எல்லாம் பிரிஞ்சிடும். நீங்க கொஞ்சம் அமைச்சுத் தர்றீங்களா?"

பக்கத்தில் இருந்த ஜெர்வே சும்மா இருப்பாரா? ஜெர்வே எங்கள் ஊர்ப் பத்திரப் பதிவாளர், வாயைத் திறந்தால் கேலிதான். "பல்லுல ஓட்டை போடுற கைய நம்பிக் குடுக்கிறீரே, உமக்கு நெஞ்சுல தெம்பு வந்துடுச்சுன்னு ஒத்துக்கிறேன்யா!" என்றார்.

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வாட்ச்சின் பக்கவாட்டில், குழிக்குள் பதுங்கிய மாதிரி சின்னச் சின்னப் பொத்தான்கள் இருக்கும். ஊசியால் ஒரு முறை அழுத்தினால் மாதம் ஒன்று முன்னே போகும். பின்னே வரவே வராது. டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு நான் அழுத்த வேண்டியது ஒரே ஒரு முறை. சரியாக அந்த நேரம் பார்த்து ஜெர்வே, நான் ஜெனீவா ஏலத்தில் எடுத்த புது வாட்ச்சைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தார். தலையைத் திருப்பிக்கொண்டு பெருமை பேசினேன். பேச்சு வேகத்தில் விரல் இரண்டு முறை அழுத்திவிட்டது. திரும்பிப் பார்த்தால் பிப்ரவரி.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. இன்னும் நாற்பத்தேழு முறை அழுத்தி நாலு வருஷமும் சுற்றி அதே ஜனவரிக்கு வர வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு எல்லோர் முன்னாலும் ஐந்து நிமிஷம். டாக்டருக்குக் கை தவறிவிட்டது என்று மேசை முழுக்கத் தெரிந்துவிடும். சங்கத்திலேயே நிதானமான கை என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். நான் பதினோரு முறை அழுத்தினேன். ஜனவரி வந்துவிட்டது. மாதம் சரி, வருஷம்தான் ஒன்று தள்ளிப்போனது. இது எந்த வருஷத்துக் கணக்கில் ஓடுகிறது என்று காட்ட அந்தப் பழைய மாதிரியில் முள் கிடையாது. லீப் இரவு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

ஒருவர் வாட்ச்சை இன்னொருவர் கையில் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும்போது "பழுதில்லாமல் தருகிறேன்" என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அது எங்கள் சங்கத்துச் சட்டம். கீறலோ தட்டலோ ஏதாவது நேர்ந்திருந்தால் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும், அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நான் ரெமியின் கண்ணைப் பார்த்து, "பழுதில்லாமல் தருகிறேன்" என்றேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்று நாளைக் கடத்தினேன். நடுவில் பனிச்சறுக்குக்கு ஒரு வாரம் போனேன். பிப்ரவரி இருபத்தேழாம் தேதி வந்துவிட்டது. ரெமி வீட்டுக்குப் போன் செய்தேன். லிலியான்தான் எடுத்தாள்.

"டாக்டரா! நாளைக்கு நானும் வர்றேன், தெரியுமா? இப்பத்தான் முடி வெட்டிச் சுருள் வச்சுக்கிட்டு வர்றேன். எனக்குத் தூக்கம் வராம இருக்கணும்னு அவர் மத்தியானமே என்னைத் தூங்கச் சொல்லியிருக்காரு! அவரக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன். அட, மானம் கெட்டவனே, ஒரு வாக்கியம்! இதைச் சொல்ல அப்படி என்ன கஷ்டம்? பல்லைப் பிடுங்கிக்கொள்ள என்னிடம் வருகிற குழந்தைகளுக்கு இருக்கிற தைரியம்கூட எனக்கு இல்லை.

மறுநாள் இரவு அவள் கரு நீல உடுப்பு போட்டுக்கொண்டு வந்தாள். மருந்துக்கடை ஒடீல் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "லிலியான், இந்தச் சின்ன முள்ளப் பாருங்க, இருபத்தெட்டுல இருக்கா? அத மட்டும் பாருங்க, வேற எங்கயும் பார்க்காதீங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். மேசையில் ஒன்பது வாட்ச். நான் நடுவிலேயே எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். ஏதோ இயந்திரக் கோளாறில் அது இருபத்தொன்பதிலேயே நின்றுவிடாதா என்றுகூட வேண்டிக்கொண்டேன், கேளுங்கள் இந்தக் கூத்தை.

பன்னிரண்டு அடித்தது. எட்டு வாட்ச் இருபத்தொன்பதுக்கு வந்தன. ரெமியின் வாட்ச் ஒன்றாம் தேதிக்குத் தாவி, மாதத்தை மார்ச் என்று காட்டியது.

"ஒண்ணு! ரெமி, ஒண்ணு வந்துடுச்சு!" என்று லிலியான் கைதட்டினாள்.

அவள் மட்டும்தான் தட்டினாள். அவளுக்கு அந்த எண்ணில் என்ன தப்பு என்று தெரியவில்லை. சுற்றி இருந்த முகங்களைப் பார்த்ததும் கை மெதுவாக நின்றது. ஒடீல் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது ஜெர்வே, "பஸ் ஒரு ஸ்டாப்ப விட்டுட்டுப் போயிடுச்சு போலிருக்கே!" என்றார். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். சேர்ந்து நானும் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

ரெமி வாட்ச்சைப் பார்த்தார். பிறகு மேசை மேல் இருந்த என் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"என் தப்புதான்" என்றார். "வீட்டுக்குப் போனப்புறம் நான்தான் சும்மா இருக்காம மறுபடி நோண்டினேன். வருஷம் மாறிடுச்சு போல."

"நீங்க எங்க நோண்டினீங்க? அன்னையிலிருந்து சாவி குடுத்ததோட சரி..." என்று லிலியான் ஆரம்பித்தாள். ரெமி அவள் கை மேல் தன் கையை வைத்தார். அவள் நிறுத்திக்கொண்டாள். சீக்கிரமே இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நான் அவர்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தேன்.

அதிலிருந்து அவருக்குச் சங்கத்தில் 'மார்ச் மாத்தே' என்று பெயர் விழுந்தது. கூட்டத்துக்கு நுழையும்போதே ஜெர்வே, "வாய்யா மார்ச்சு, பிப்ரவரி முடிஞ்சுதா?" என்பார். ரெமி சிரித்துக்கொள்வார். நாலு வருஷம் சிரித்துக்கொண்டார். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம், தன் கை தவறிவிட்டதாகவே நம்பிவிட்டார் என்று நான் எனக்குள் ஒரு கதை கட்டி வைத்துக்கொண்டேன். அந்தக் கதை எனக்கு வசதியாக இருந்தது.

அந்த ஏப்ரலில் லிலியான் முதல் முறையாக என் மருத்துவமனைக்கு வந்தாள். அதற்கு முன்பு அவள் என்னிடம் வந்ததே கிடையாது. பல்லில் ஒன்றும் இல்லை, சும்மா சுத்தம் செய்துவிட்டேன். அக்டோபரில் திரும்ப வந்தாள். அடுத்த ஏப்ரலிலும் வந்தாள். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பனியைப் பற்றிப் பேசுவாள், ரெமியின் நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசுவாள். அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பவா என்று என் உதவியாளர் எட்டிப் பார்க்கும் வரை எழுந்திருக்க மாட்டாள்.

நாலாவது முறை, 2013 அக்டோபரில், அவளே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அன்னைக்கு ராத்திரி நான் ஒருத்தி மட்டும் கைதட்டினேனே, ஞாபகம் இருக்கா டாக்டர்?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"இல்ல, அவர் முகத்தப் பார்த்தீங்களா அன்னைக்கு?"

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் சொன்னது இதுதான்: "வயசாச்சு இல்லம்மா? கை தப்பும். அவர் மனசுல வச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "சரி டாக்டர்" என்று எழுந்து போனாள். அதற்கப்புறம் வரவில்லை. பக்கத்து ஊரான லா ஷோ-த-ஃபோனில் வேறு பல் டாக்டரிடம் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் நவம்பரில் அவளுக்குக் கணையத்தில் புற்று என்று கண்டுபிடித்தார்கள். ஆறு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தேவாலயத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து பாடிவிட்டு வந்தேன்.

2016 பிப்ரவரி இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை. ரெமி வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தார். சாப்பிட்டார், துணியில் வாட்ச்சை வைத்தார். பன்னிரண்டு மணிக்கு அது மற்றவற்றோடு சேர்ந்து இருபத்தொன்பதுக்கு வந்து நின்றது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெர்வே விசில்கூட அடித்தார். "மார்ச்சு, இன்னைக்கு உமக்குப் பேரு மாத்தியாச்சு!" என்று கத்தினார். ரெமி கைதட்டவில்லை. வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். போன தடவை அது அவர் தப்பு இல்லை, நான்தான் பன்னிரண்டு மாதம் அதிகமாக அழுத்தினேன், தெரிந்தேதான் கொடுத்தேன், தெரிந்தேதான் சும்மா இருந்தேன் என்று நாக்குக் குழறக் குழறச் சொன்னேன். என்னை அடித்து வெளியே தள்ளுவார்கள் என்று நினைத்தேன். தள்ளியிருக்க வேண்டும்.

ஜெர்வே மேசையைத் தட்டிச் சிரித்தார். "அடப்பாவி டாக்டரே! பல்லத்தான் மாத்திப் பிடுங்குவீங்கன்னு பார்த்தா வருஷத்தையும் பிடுங்கியிருக்கீங்களே! இன்னைக்கு ஒயின் செலவு உங்களோடது!" எல்லோரும் சிரித்தார்கள். ஒடீல் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. புதுப் பாட்டில் ஒன்று வந்தது. அவ்வளவுதான். நாலு வருஷம் சுமந்ததை நாலு நிமிஷத்தில் கேலியாக்கிக் குடித்துத் தீர்த்துவிட்டார்கள், எனக்கு ஒரு நயா பைசா நஷ்டமில்லை. உட்காரக்கூட வெட்கமாக இருந்தது.

ரெமி இப்போது வண்டி ஓட்டுவதில்லை. நான்தான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தெரு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும் டாக்டர். மாசம் சரியா இருந்து வருஷம் மட்டும் தப்பா இருந்தா, யாரோ ஒரு சுத்து கூடுதலா அழுத்திட்டாங்கன்னு அர்த்தம். அது உங்க கையத் தவிர வேற கைக்குப் போகல."

"அப்புறம் ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"லிலியான் முதல் தடவ வந்திருக்கா. அங்க ஒரு சண்டையப் பார்த்துட்டு அவ வீட்டுக்குப் போகணுமா? நீங்களே காலையில வந்து சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

"லிலியானுக்கு..."

"மறுநாள் காலையில வருஷத்தச் சரி பண்ண அவதான் அழுத்தினா. என் கை ஆடுச்சு இல்ல? முதல் தடவையா அவ கையில ஊசியக் குடுத்தேன். நான் எண்ணினேன், அவ அழுத்தினா. முப்பத்தஞ்சு தடவ. அழுத்தி முடிச்சிட்டு, 'அப்ப இது தானா இப்படி ஆகாது இல்ல? டாக்டர்தான் தப்பா அழுத்தியிருக்காரு'ன்னா. அவளே கண்டுபிடிச்சா. நான் ஒண்ணும் சொல்லல."

வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றது. அவர் இறங்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்குப் பல் ஒண்ணும் வலிக்கல டாக்டர். 'கூட்டத்துல சொல்ல அவருக்குக் கூச்சமா இருக்கும், தனியா இருந்தா சொல்லிடுவாரு, நான் போய் உட்கார்ந்துட்டு வர்றேன்'னு கிளம்புவா. திரும்பி வந்து, 'இன்னைக்குச் சொல்லல, கொஞ்சம் பொறுங்க, நல்ல மனுஷன்தான்'னு சொல்லுவா. நாலாவது தடவ வந்து கோட்டக்கூடக் கழட்டல. சமையலறையில அப்படியே உட்கார்ந்துட்டா. 'உங்களுக்கு வயசாச்சாம், கை தப்புதாம்'னு சொன்னா. அழுதா. அதுக்கப்புறம் எங்க வீட்டுல உங்க பேர யாரும் எடுக்கல."

கதவைத் திறந்து இறங்கினார். தொப்பியைச் சரி செய்துகொண்டு, குனிந்து உள்ளே பார்த்து, "மெதுவா ஓட்டுங்க டாக்டர், வளைவுல வழுக்கும்" என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை அப்போதும் என் வாயில் வரவில்லை. அவர் உள்ளே போய் விளக்கைப் போடும் வரை காத்திருந்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.